கட்டிலுக்கடியில் காண்டாமிருகம்

எங்கள் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. அப்பா விசைப்படகில் ஏறிப் போய்விட்டால், திரும்பக் கரையிறங்கும்வரை யார் அவரைக் கேட்டாலும், “கடலுக்குப் போய்க்கீறாரு” என்றுதான் சொல்ல வேண்டும். ‘அப்பா இல்லை’ என்றால் வீட்டில் இல்லை என்றும் ஆகும், உலகத்திலேயே இல்லை என்றும் ஆகும். கடலின் காதில் எது விழுமோ என்று அம்மாவுக்குப் பயம்.

அந்தப் பயத்தைக் கேலி செய்தவள் சித்தி, அம்மாவின் தங்கை. இராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறையிலேயே தங்கி, கல்லூரியில் தத்துவம் படித்துவந்தாள். அவள் புத்தகத்தில் பைப்பு பிடிக்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரின் படம் உண்டு. பெரிய தர்க்க அறிஞராம். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், போர் கூடாதென்று பேசி ஜெயிலுக்குப் போனவர். இல்லாத ஒன்றை இல்லை என்று சொன்னால் அந்தப் பேச்சு எதைப் பற்றியது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர். எனக்குப் பிடித்தது அவருடைய காண்டாமிருகக் கதைதான். இந்த அறையில் காண்டாமிருகம் இல்லை என்று அவர் சொன்னதை மாணவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். மேசை மேசையாகக் குனிந்து தேடிக் காட்டியும் அந்த ஆள் மசியவில்லை.

ஒரு தடவை, உடன் போன படகுகளெல்லாம் வந்தும் அப்பாவின் படகு வரவில்லை. ஐந்தாம் நாள் மதியம் அம்மா விசாரிக்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தாள். கரண்ட் போய் ஃபேன் நின்றது. அந்த அமைதியில் அப்பா இருமினார். இரண்டு குட்டை இருமல், ஒரு நீளம். தினமும் கேட்கிற சத்தம்தானே என்று நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

சித்தி எழுந்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மூலையில் கிடந்த வலைக் குவியலைப் புரட்டினாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

“இன்னா சித்தி, காண்டாமிருகமா?”

எனக்கு ஒரே குஷி. நானும் கட்டிலுக்கடியில் புகுந்து, பெட்டிகளை நகர்த்தி, உரக்க அறிவித்தேன்.

“இங்க இல்ல.”

சித்தி என் வாயை இறுகப் பொத்தினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

எட்டாம் நாள் படகை இழுத்து வந்தார்கள். அப்பாவைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீரில் விழுந்தவர் கிடைக்கவேயில்லையாம். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சித்தி மட்டும் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

என் ‘இல்ல’தான் அப்பாவை முடித்தது என்று பல வருடம் ஒளிந்து ஒளிந்து அழுதேன். அம்மா இன்றும் கேட்பவர்களிடம் கடலுக்குப் போயிருப்பதாகத்தான் சொல்கிறாள். சித்தி இப்போது கல்லூரியில் தர்க்கம் நடத்துகிறாள்.

போன மாதம் பேச்சுவாக்கில் சொன்னாள். “அன்னிக்கு மாமா இரும்புன மாரி இருந்துச்சி. வெறும் மனப்பிராந்தி.”

அவள் விளையாடுகிறாள் என்றுதானே அன்று நினைத்திருந்தேன். அந்த இருமல் எனக்கும் கேட்டது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.