தூணுக்கு வெட்டிய பத்திரிகை

நேர்வெட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். வளைவு வந்தால்தான் எனக்குச் சிடுசிடுப்பு. டைல்ஸ் போடுகிறவனுக்கு உருண்டைத் தூணைப் போலச் சனியன் வேறில்லை. விளாங்குடியில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் நட்டநடுவே அப்படி ஒரு தூண். மகள் கல்யாணத்துக்குள் தரை பளபளக்க வேண்டும் என்றாள் அக்கா. தாய்மாமன் நான், மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அந்தப் பெண்ணுக்கு முன்பே ஒரு சம்பந்தம் நிச்சயம் வரை போய் நின்றுபோயிருந்தது. அதிலிருந்து அக்காவுக்குப் பல்லி கத்தினாலும் பயம்.

தூணைச் சுற்றி நான்கு டைல்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையைக் கால் வட்டமாக எடுக்க வேண்டும். முதலில் கெட்டி அட்டையை வளைவாக வெட்டி, தூணோடு ஒட்டிப் பார்த்து, இடுக்கு இல்லாமல் போகும்வரை கத்தரித்து, பிறகுதான் டைல்ஸில் பென்சிலால் வரைய வேண்டும். டைல்ஸ் வந்த பெட்டி அட்டையெல்லாம் தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் வெள்ளையாக ஓர் அட்டை கவிழ்ந்திருந்தது. திருப்பிக்கூடப் பார்க்காமல் எடுத்து வெட்டினேன், அவசரக்குடுக்கை. மூன்றாம் தடவை கத்தரித்ததும் தூணோடு கச்சிதமாக உட்கார்ந்தது. அடடா என்று திருப்பினேன். மூலையில் மஞ்சள்.

கல்யாணப் பத்திரிகை! அதுவும் சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வத்தின் காலடியில் வைக்க, அக்கா மஞ்சள் தடவி எடுத்து வைத்திருந்த முதல் பத்திரிகை. சாமி அலமாரியை நகர்த்தச் சொன்னவனே நான்தான். அதனால்தான் அது ஜன்னலுக்கு வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். பெண்ணின் பெயருக்கு நடுவே கத்தரிக்கோல் போயிருந்தது.

நல்லவேளை, அக்கா பூ வாங்கப் போயிருந்தாள். உள்ளறையில் இருந்த பத்திரிகைக் கட்டைப் பிரித்து இன்னொன்றை உருவினேன். அடுப்படி டப்பாவில் இருந்த மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவி, அதே இடத்தில் வைத்தேன். வெட்கக்கேடு, வெட்டின அட்டையையும் விடவில்லை. அதை வைத்தே நான்கு டைல்ஸிலும் கோடு போட்டேன். கோடு வரைக்கும் மெஷினால் சீப்புப் பல்லாகக் கீறி, குறட்டால் ஒவ்வொன்றாக ஒடித்து, விளிம்பைத் தேய்த்துப் பதித்தேன். நான்காவது டைல்ஸுக்கு அடியில், கலவையோடு சேர்த்து அட்டையைப் புதைத்தேன்.

"ஒரு மயிரிழை இடைவெளி இல்லையேடா தம்பி! உன் கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்" என்றாள் அக்கா. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. ஆறே மாதத்தில் பெண் பெட்டியோடு வந்து நின்றாள். கட்டிக்கொண்டவன் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவனாம்.

"மொதப் பத்திரிகைய சாமிக்கு வச்சுட்டுத்தானடா ஆரம்பிச்சேன்! என்ன குத்தம் வச்சேன்னு தெரியலையே" என்று அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அழுதாள். வாரம் தவறாமல் கோயிலுக்கு ஓடினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் போனபோது பெண் மட்டும் தூணில் சாய்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடமாவது சொல்லித் தொலைப்போம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும் மாமா. நீங்க வெட்டும்போது கதவுகிட்டத்தான் நின்னேன்."

"அப்ப ஏன்த்தா யார்கிட்டயும் சொல்லல?"

"சந்தோசமா இருந்துச்சு மாமா. அம்மா வந்து பாத்துட்டா கல்யாணத்தையே நிப்பாட்டிரும்னு நெனச்சேன். எனக்கு அந்த ஆளு வேணாம். அம்புட்டுப் பேரு இருந்தீங்க, ஒருத்தரும் என்னையக் கேக்கல. நீங்க வேற பத்திரிகைய எடுத்து மஞ்சத் தடவுனீங்க பாருங்க, அப்பத்தான் உள்ள போய் அழுதேன்."

உரித்த பூண்டை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். தூணுக்கு மூன்று தடவை அட்டையை வைத்து வைத்துப் பார்த்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி நான்.