அண்டாவைத் தேய்த்தவன் நான்தான்

போன வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. பதுளையில் பாதி ஊர் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் சாயங்காலத்துக்குள் வாந்தி எடுத்தார்கள். நல்ல வேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை... என் மானம்தான் போச்சு!

மோர் குடித்தவர்களுக்கு மட்டும்தான் வயிற்றைப் பிரட்டியது. முந்தின நாளே கரைத்து, பித்தளை அண்டாவில் ஊற்றி வைத்த மோர். அப்படியானால் தப்பு யார் மேல்? தயிர்க்காரி மேல்தானே? அப்படித்தான் நான் முடிவு கட்டினேன்.

தயிர் கொடுத்தவள் முத்தம்மா. ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மாடு வைத்திருக்கிறாள். புருஷன் இல்லை, தயிர் விற்றுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நடுச் சந்தையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஊரையே கொல்லப் பாத்தியா? லயத்து அழுக்கையெல்லாம் தயிர்ல கலந்து விக்கிறியா?”

“அதே தயிரத்தாங்க எம் புள்ளைகளும் தின்னுச்சு மொதலாளி... சாமி சத்தியமா!”

கேட்டேனா? தயிர்ச் சட்டியை எட்டி உதைத்தேன். அப்புறம் அவளிடம் ஒருவரும் தயிர் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற காசிம் பாய் வந்தார். அண்டாவுக்குள் விரலால் தடவினார். கழுவின பிறகும் பச்சையாக ஒட்டியது.

“உள்ளுக்கு வெள்ளையா ஈயம் பூசியிருந்தேனே, எங்க மொதலாளி?”

“அழுக்குன்னு நெனச்சு... செங்கப்பொடி போட்டு நானே தேச்சுட்டேன் பாய். தங்கமாட்டம் மின்னுச்சு.”

“அட அல்லாவே! வெறும் பித்தளையில மோரு புளிச்சுக் கெடந்தா பச்சக் களிம்பு ஏறாதா? குடிச்சவன் வாந்தி எடுக்காம என்னா செய்வான்?”

விருந்தாளிகள் அந்தப் பளபளப்பைப் புகழ்ந்தபோது மீசையை வேறு முறுக்கிக்கொண்டேனே!

மறுநாளே லயத்துக்குப் போனேன். வாங்க ஆளில்லாத தயிரை முத்தம்மா வாழை மரத்தடியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்னுதுதான் முத்தம்மா. மன்னிச்சிரு.”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இங்க யாருங்க இருக்கா கேக்க? என்னைய ஏசுனது சந்தையிலதானே? அங்கன வந்து சொல்லுங்க மொதலாளி.”

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பேப்பருக்கு இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். பேப்பரில் எழுதிவிட்டால் போதாதா என்று மனதுக்குள் ஒரு சமாதானம்... முத்தம்மாவிடம் தயிர் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பேப்பர் படிக்கிறார்கள்? சே, என்ன மனுஷன் நான்!

வரும் ஞாயிறு சந்தைக்கு வாருங்கள் — அன்று கத்தின அதே இடத்தில், அதைவிடச் சத்தமாகக் கத்தப்போகிறேன்.