குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற பெட்டி

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் சகாயம்மாளின் கடையில் பந்தல் சாமான், பிளாஸ்டிக் நாற்காலி, இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டி ஆகியவை வாடகைக்குக் கிடைக்கும். பெட்டி ஒன்றுதான். தலைமாட்டில் ஒரு கொக்கி. கிறிஸ்தவ வீடென்றால் அதில் சிலுவையை மாட்டுவார், இந்து வீடென்றால் விபூதிப் பட்டை வரைந்த தகட்டை மாட்டுவார். இரண்டும் ஒரே சாக்கில்தான் கிடக்கும். “உள்ள ரெண்டும் சண்டை போட்டு நான் பாத்ததில்ல” என்பார்.

அவர் கணவர் அமிர்தநாதன் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. 2009 கோடையில் மாரடைப்பில் இறந்தார். அசாமில் ராணுவத்தில் இருந்த தம்பி வந்து சேர்வதற்குள் உடம்பு தாங்கவில்லை, முகத்தை மூடிவிட்டார்கள். சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் காலனிக் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் மற்ற கிறிஸ்தவர்கள். ஒரே பூசை பார்த்தவர்கள் செத்த பிறகு இரண்டு பக்கம். தம்பி வந்து மண்மேட்டைத்தான் பார்த்தான். அடுத்த வருஷமே சகாயம்மாள் பெட்டி வாங்கினார்.

முதல் இரண்டு மூன்று வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யாருக்குக் கேட்கத் தோன்றும்? அப்புறம்தான் மாவட்டம் முழுக்க மேடை போட்டுக் காதல் கல்யாணத்தைத் திட்டிச் சாதி சேர்க்கிற காலம் வந்தது. போன் அடித்தால் வாடகையைக்கூடக் கேட்காமல், “பொட்டி கடைசியா எங்க போச்சு?” என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய பதில் ஒன்றுதான்: குவார்ட்டர்ஸ்.

சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள். கதவில் பிளாக் நம்பர் இருக்கும், சாதி இருக்காது. அதனால் குவார்ட்டர்ஸுக்குப் போய்வந்த பெட்டி சுத்தம். காலனியில் பிறந்து பர்மனன்ட் ஆகி அங்கே குடியிருப்பவர்கள் எத்தனையோ பேர். அது கேட்கிறவனுக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு வேண்டியது உண்மை இல்லை, அந்த ஒரு சொல். “குவார்ட்டர்ஸ்லேருந்துதாங்க வருது” என்று சகாயம்மாளும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு டெட்டால் பாட்டிலை எடுப்பார்.

2014 மே மாதம், கத்திரி வெயில். சின்னம்மாள் காலையில் இறந்துபோனார். சுரங்க கேட்டுக்கு வெளியே இட்லிக் கடை போட்டு, ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்ட பெண். அமிர்தநாதன் செத்த அன்று ஒரு அண்டா இட்லியைத் தலையில் சுமந்து காலனிக்கே வந்தவர். அன்றிலிருந்து சகாயம்மாளுக்கு அவர் அக்கா. மகன் பாவாடை குவைத்தில் இருந்தான். மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும்.

பக்கத்தில் வேறு பெட்டி வடலூர்க் கடையில்தான், அது குள்ளஞ்சாவடிக்குப் போயிருந்தது. சகாயம்மாளின் பெட்டி காலனியில் ஒரு பெரியவரின் அடக்கம் முடிந்து, குட்டியானை வண்டியில் கடைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ரோஜா இதழ்கூட உதிரவில்லை. சின்னம்மாளின் தம்பி மகன் இளவழகன் பைக்கில் வந்து நின்றான். ஊர் இளைஞர் சங்கத்தின் தலைவன். கூடவே சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர்.

“அக்கா, அத்தை போயிட்டாங்க. பொட்டி வேணும்.”

“தெரியும்டா. கழுவிட்டு நானே கொண்டாந்து எறக்கறேன்.”

அவன் கூட வந்தவர்களை ஒரு பார்வை பார்த்தான். “குவார்ட்டர்ஸ்லேருந்துதானே வருது?”

சகாயம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். “கண்ணு தெரியலயா உனக்கு? காலனி ரோட்டுலேருந்து வண்டி வர்றதப் பாத்துக்கினுதானே பின்னாடியே வந்த?”

“எனக்குத் தெரியுதுக்கா. ஊருல கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிடும்.”

“உங்க அத்தைக்குப் பொய் சொல்லி வாடகைக்கு விட மாட்டேன். யார் யாருக்கோ சொன்னேன். அதுவே அசிங்கமா இருக்குது. காலனியிலேருந்து வருது. எடுத்துக்கினு போறதுன்னா அப்படியே எடுத்துக்கினு போ.”

இளவழகன் பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனான். சகாயம்மாள் பெட்டியைக் கழுவித் துடைத்தார். கொக்கியில் விபூதித் தகட்டை மாட்டி, வண்டிக்காரரோடு தானும் ஏறிக் கிளம்பினார்.

சின்னம்மாளின் ஊர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இடம் மாறி வந்த ஊர். பழைய வீடு, கிணறு, சுடுகாடு எல்லாம் இன்றைக்கு வெறும் பள்ளம். புது இடத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு வெற்று மனைதான். அங்கேயும் ஊர் கிழக்கே, காலனி மேற்கே என்று பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். வேறெதையும் கொண்டுவர முடியாதவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

பிள்ளையார் கோயில் முனையிலேயே வண்டியை மறித்தார்கள். முனையை ஒட்டியே சாவு வீடு. பந்தலில் பெரிய மனிதர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்துப் பொருளாளர் குந்தியிருந்தபடியே கையை நீட்டினார்.

“வண்டியத் திருப்பும்மா. எங்க வூட்டுப் பொம்பளைய அதுல படுக்க வைக்க மாட்டோம்.”

“ஏங்க?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். உங்க வாயால சொல்லுங்க, கேக்கறேன்.”

சகாயம்மாள் வண்டியிலிருந்து இறங்கினார். குரல் தெருக்கோடிக்குக் கேட்டது. “நீங்க குந்திக்கினு இருக்கிற சேரு யாருது? என்னுது. காலையிலதான் உங்க ஆளு வந்து அள்ளிக்கினு போனான். போன வாரம் இது அத்தனையும் காலனியில சடங்கு வூட்டுல கெடந்துச்சு. எழுந்திருங்க பாப்போம்!”

பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். இரண்டு பேர் வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்கள். பொருளாளர் பாதி எழுந்து, வெயிலைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“சேருல குந்துனா பின்னாடி ஒட்டாது, பொட்டிதான் ஆகாதா?” என்றார் சகாயம்மாள்.

சின்னம்மாளின் மகள் வெண்மதி தலைவிரி கோலமாக வெளியே ஓடி வந்தாள். “எறக்குங்கக்கா! எங்கண்ணன் வரணும். அம்மா மொகத்த அது பாக்கணும்.”

“பொம்பள உள்ள போ” என்றான் இளவழகன். அவன் அவளைவிடச் சின்னவன்.

வெண்மதி போகவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெரியம்மாக்கள் வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே இழுத்துப் போனார்கள். வண்டி திரும்பியது.

ஐஸ் பாளம் வாங்கிவந்து, உமி கொட்டி, இரண்டு ஃபேன் வைத்தார்கள். நாடு முழுக்க விளக்கெரியக் கரி வெட்டித் தருகிற மண்ணில் அன்று மத்தியானம் கரண்ட் போனது. பாளம் தண்ணீராகித் தெருவில் ஓடியது. பொழுது சாய்வதற்குள் தூக்கிவிட்டார்கள். சின்னம்மாள் எரிந்துகொண்டிருந்தபோது பாவாடையின் விமானம் கிளம்பியிருக்கவில்லை.

“அந்தப் பொம்பள ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புள்ள மொகம் பாத்திருப்பான். திமிரு.” அன்று ஊரெல்லாம் இதுதான் பேச்சு. பெட்டியைத் திருப்பியவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மறுநாள் காலை பாவாடை கடைக்கு வந்தான். தலை மழித்திருந்தது. மூலையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து திரும்பியதும் மாட்டிய பிளக்கை சகாயம்மாள் பிடுங்கவே இல்லை. மனசு மாறி யாராவது ஓடி வருவார்கள் என்று நினைத்திருந்தார்.

பாவாடை மூடியைத் தூக்கி உள்ளே கையை வைத்தான். சில்லென்று இருந்தது. கையை எடுக்கவில்லை.

“குவார்ட்டர்ஸ்னு சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லியிருக்கலாம். எங்க அக்காவ நான் அப்படி அனுப்பணுமா?”

“எனக்கு அம்மா மொகம் போச்சேக்கா.”

“என் கொழுந்தனுக்கும் அவங்கண்ணன் மொகம் போச்சு. அப்ப பொட்டி இல்ல. உனக்குப் பொட்டி வாசல்ல வந்து நின்னுச்சுடா.” அவர் அவனுக்கு நேராக வந்து நின்றார். “ஒண்ணு கேக்கறேன், எனக்கு பதில் சொல்லு. நேத்து நீ அங்க இருந்திருந்தா எறக்கியிருப்பியா?”

பாவாடை பெட்டியைப் பார்த்தான், கொக்கியில் இன்னும் தொங்கிய விபூதித் தகட்டைப் பார்த்தான்.

“தெரியலக்கா” என்றான்.

சகாயம்மாள் அவன் கையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வெளியே விட்டார். மூடியைச் சாத்தினார். தகட்டைக் கழற்றிச் சாக்கில், சிலுவைமேல் எறிந்தார். பிளக்கைப் பிடுங்கினார்.