சாதாவா, டேர்போவா?

கார் விற்கிறவன் எஞ்சினைப் பற்றிப் பேசித்தான் சம்பளம் வாங்குகிறான். வாங்க வருகிறவர்கள் எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கடையில் நின்று எதையாவது விற்றவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு கார் சேலில், அதாவது கார் விற்கும் கடையில், வேலை செய்தேன். முதலாளி முஸ்லிம், எல்லோருக்கும் அவர் ஹாஜியார். ஒருமுறை ஜப்பானிலிருந்து இரண்டு சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களை எடுப்பித்தார். இரண்டும் சிவப்பு, இரண்டுக்கும் இரண்டே கதவு. ஒன்று சாதா. மற்றது டேர்போ, வேகமும் கூட, விலையும் கூட. அதை விற்காவிட்டால் என்னை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கோ, எது நல்லதென்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடும் பழக்கம். அது நேர்மையா, கோழைத்தனமா என்று இன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் இருந்தவனுக்கு வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல. கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று பொலிஸ் கேட்கும்போது, சொல்வதற்கு ஒரு பதில்.

பின் சீற்

புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் இளம் சட்டத்தரணி ஒருவர் டேர்போவை ஓட்டிப் பார்க்க வந்தார். அவருடைய அம்மா பின் சீற்றில், நான் முன்னால். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் செக் பொயின்ற்றுக்கு மேல் செக் பொயின்ற். ஒவ்வொன்றிலும் எல்லோரும் இறங்கவேண்டும். நான் இறங்கி, சீற்றை மடித்து, அந்த அம்மாவின் தலை இடிபடாமல் வெளியே எடுப்பேன். ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, பார்த்து முடிந்ததும் திரும்ப உள்ளே அடுக்குவேன். இடையில் குதிரைச் சக்தியையும் விளக்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் அவர் சேலையைச் சரிசெய்தபடி சொன்னார்: "தம்பி, கார் பறக்கும், சரி. நான் இறங்கி ஏற உதில என்ன பூட்டியிருக்கிறியள்?"

மூச்சு

அடுத்து கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நகைக்கடைக்காரர். செக் பொயின்ற்றை நெருங்கும்போது அவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். டேர்போ 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டது. அடுத்த கணம் இரண்டு துவக்குகள் எங்களைப் பார்த்தன. கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். என்னுடைய சிங்களம் பேரம் பேசத்தான் போதும். காற்று, குழாய், எஞ்சின் என்று உளறினேன். ஒரு ஆமிக்காரப் பையன் பொனற்றைத் திறக்கச் சொல்லி, குனிந்து பார்த்தான். நிமிரும்போது முகம் மாறியிருந்தது. "ஆயெத் கரன்ன" என்றான், இன்னொருமுறை செய்யச் சொல்லி. நகைக்கடைக்காரர் திரும்ப ஏறி அக்சிலேற்றரை மிதித்து விட்டுக் காட்டினார். பையன் சிரித்துவிட்டுக் கையசைத்தான். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் கடமைப்பட்டவன். நகைக்கடைக்காரர் சாதாவை வாங்கினார். "எனக்கு மூச்சு விடாத கார் போதும்ங்க" என்றார்.

பொலிஸில்

ஒரு காலை லொட்ஜைச் சுற்றிவளைத்து எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பில் என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். கார் விற்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, தனக்கு ஒன்றை விற்றுக் காட்டு என்றார். டேர்போவையும், அதைவிட மலிவான சாதாவையும் விவரித்தேன். எதை எடுக்கலாம் என்றார். சாதா விற்றுப்போனதுகூட நினைவில்லை, பயத்தில் பழக்கம் முந்திக்கொண்டது. "இந்த ஊருக்குச் சாதா போதும், சேர். டேர்போ வேகம் பிடிக்கமுதல் அடுத்த செக் பொயின்ற் வந்துவிடும்" என்றேன். அவர் பேனையை வைத்தார். "விலை கூடினதை வேண்டாம் என்கிற விற்பனைக்காரனை நான் கண்டதில்லை. உண்மையைச் சொல், நீ யார்?"

லொட்ஜ்காரர் சொல்லி ஹாஜியார் வந்து சேர்ந்தது அப்போதுதான். அதிகாரி என் பதிலை அவரிடம் அப்படியே ஒப்பித்தார். ஹாஜியார் தலையில் கைவைத்து, இவன் என்னுடைய ஆள்தான், வருகிற எல்லோரிடமும் இதையே சொல்லி என் வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று சிங்களத்தில் புலம்பினார். நடிப்பே இல்லை. அதிகாரி வாய்விட்டுச் சிரித்து என் ஐசியைத் தந்தார். வெளியே அவர் வந்த டேர்போ நின்றது. ஹாஜியாரிடம், வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "பொலிஸுக்கே வேணாண்டு சென்ன காரை இனி யாருக்கு விக்கிற? நான்தான் ஓட்டோணும். ஏறுங்க தம்பி, கடய தொறக்கோணும்."

நல்ல விற்பனைக்காரனாக இருந்திருந்தால் அந்தக் காலத்தை எப்படித் தாண்டியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.