அழுகண்ணி வாங்க அக்குறணைக்கு

கண்டிப் பக்கம் பூச்சி பிடிக்கும் செடிகள் எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கும் அவை தேவைப்பட்டன. விடுதி அறை யன்னலில் நான் வளர்த்த அழுகண்ணிகள் ஒவ்வொன்றாகக் கருகிப் போயிருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை அக்குறணைக்குப் போய் வந்தேன். போகும் வழியையும் வளர்ப்பு முறையையும் மட்டும் எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கண்டியிலிருந்து மாத்தளைப் பஸ்ஸில் ஏறினால் அக்குறணை பத்துக் கிலோமீற்றர் வரும். கட்டுகஸ்தோட்டையில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம். நோன்பு மாதம் என்பதால் சாப்பாட்டுக் கடைகள் திரை போட்டிருந்தன. பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் பரீனாவின் வீடு. அவர் அழுகண்ணியை விதையிலிருந்து வளர்க்கிறார். கொல்லையில் தகரத் தட்டுகள், அவற்றில் நிற்கும் தண்ணீர், தண்ணீருக்குள் சின்னச் சட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவந்த செடி. இலை மயிர்களின் நுனியில் பசைத் துளிகள். ஒன்றில் ஒரு கொசு இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது.

"குழாய்த் தண்ணியா ஊத்தினீங்க?" என்று பரீனா கேட்டார்.

"ஓம்."

"அப்ப நீங்கதான் சாகடிச்சீக்கீங்க. ஒரமும் போட்டீங்களா?"

"கொஞ்சமாத்தான், அக்கா."

"யா அல்லாஹ்! சதுப்புல ஒண்டுமில்லாமக் கெடந்து பழகினது தங்கச்சி. இதுக்கு விருந்து வச்சாச் செத்துப் போகும்."

கண்டியில் சில வாரங்களாக மழை இல்லை. அதனால் கூரையிலிருந்து சேர்த்த மழைத் தண்ணீரையும் மூன்று போத்தல்களில் ஊற்றித் தந்தார். கணவர் நவாஸ் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். அவருடைய வண்டிக்கு வாங்கிய பற்றரித் தண்ணீர் போத்தல்கள் அவை. பரீனா நன்றாகக் கழுவியிருந்தார், ஆனால் லேபல் அப்படியே இருந்தது. பற்றரித் தண்ணீர் காய்ச்சி வடித்தது என்பதால் இந்தச் செடிகளுக்கு அதையே ஊற்றுபவர்கள் உண்டு. அதனால் எனக்கும் அந்த லேபல் வித்தியாசமாகப் படவில்லை.

தண்ணீர் ததும்பும் தட்டோடு பஸ்ஸில் ஏற முடியாது. கண்டி டவுனில் வேலை இருக்கிறது, இறக்கிவிடுகிறேன் என்றார் நவாஸ். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் சோதனைச்சாவடி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"சால்வையத் தலையில போடுங்க. வாயத் தொறக்காதீங்க. ஒங்கட சிங்களத்துல யாழ்ப்பாணம் மணக்குது."

சிரித்துக்கொண்டே முக்காடு போட்டேன். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர் காட்ட வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அது இல்லாததால் எங்கள் விடுதிப் பெண் ஒருத்தியைப் போன மாதம் கொண்டுபோய் இரவு முழுக்க வைத்திருந்தார்கள்.

ஆமிக்காரன் என்னை ஒருமுறை பார்த்தான், அட்டை கேட்கவில்லை. என் காலடியில் இருந்த போத்தலைத் தூக்கினான்.

"என்ன இது?" என்றான் சிங்களத்தில்.

"மழைத் தண்ணி, சேர். செடிக்கு."

"செடிக்குப் பற்றரித் தண்ணியா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "மழைத் தண்ணியெண்டாக் குடி."

சாவடிகளில் இது வழமைதான். என் தண்ணீர்ப் போத்தலில் என்னையும் பலமுறை குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நவாஸ் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் படாமல் நோன்போடு இருந்தார். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். 'மம பொன்னம்', நான் குடிக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியும். சொன்னால் என் பேச்சு வெளிப்படும், அடுத்தது அட்டை. நான் குனிந்து, சாயாத சட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

நவாஸ் மூடியைத் திறந்து குடித்தார். மற்றப் போத்தல்களிலிருந்தும் குடிக்க வைத்தான். பிறகு போகச் சொன்னான்.

பாலம் தாண்டினோம். அவர்தான் முதலில் பேசினார்.

"பூச்சி தின்னும் எண்டுதான் பரீனா சென்னா. நோம்பையும் தின்னும் எண்டு செல்லல்லியே."

"நான் குடிச்சிருக்கோணும் அண்ணை. பயந்திட்டன்."

"வெளங்கிச்சு. பொறகொரு நாளைக்கு இந்த நோம்புக்கு ஈடாக் களாப் புடிச்சாச் சரி. ஊட்டுல மட்டும் செல்லிராதீங்க. போத்தல் குடுத்தது தானெண்டு அவ அழுவா."

காசு கொடுக்கப் போனேன். என் கையை மடக்கிவிட்டார்.

மறுநாள் பரீனா போன் எடுத்து, செடி எப்படி என்று விசாரித்தார். பிறகு, "இவருக்கு நேத்து என்ன வந்திச்சோ தெரியா. நோம்பு தொறக்கக்குள்ள பேரீச்சம்பழத்தத் தொடவேயில்ல. எல்லாரும் திண்டு முடியுமட்டும் பாத்துட்டு ஈந்தார். வழியில ஏதும் நடந்ததா தங்கச்சி?" என்றார்.

"வெயில் அக்கா," என்றேன். நவாஸ் சொல்ல வேண்டாம் என்றதால்தான் அப்படிச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் போன் வைத்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால் பாலத்தடியில் நடந்ததை விட அதிகமாகக் கூசுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: நோன்பு மாதம் முடிந்தபின் போங்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரம், வேண்டாம். தேங்காய்த் தும்புத் தூளை நிறம் போகுமட்டும் அலசி, ஆற்று மணலோடு கலந்து நடுங்கள். தட்டில் இரண்டு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். நல்ல வெயில் வேண்டும். பசளை, உரம் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மழைத் தண்ணீரை லேபல் இல்லாத போத்தலில் எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது தொடுமுன்னரே, என்னுடையது என்று சொல்லி, நீங்களே திறந்து குடித்துவிடுங்கள். அறைக்கு வந்தபின் நான் குடித்துப் பார்த்தேன். கொஞ்சம் கூரை மணக்கிறது. வேறு ஒன்றும் செய்யாது.