பிலோமினம்மாவின் இடது காது

காலை ஏழு மணிக்குப் பிள்ளை மடுவத்தைத் திறந்து, பாய்களை விரித்து, சின்ன ரேடியோவை இரண்டு நிலையங்களுக்கு நடுவே திருகி வைக்கிறார் பிலோமினம்மா. பாட்டு வராது, மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' மட்டும் வரும். பழுதென்று நினைத்து யாராவது கைநீட்டினால், "விடுங்க, அது எனக்கு மருந்து" என்பார்.

நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போன பிறகு அவர்களின் பிள்ளைகளை இந்த மடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது இவரது வேலை. வயது ஐம்பத்திரண்டு. பசி அழுகை எது, ஈர அழுகை எது, சும்மா அழுவது எது என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னவர்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் எழும்பியபோது இடது காது அடைத்திருந்தது. சளி என்று நினைத்து, எண்ணெய் விட்டு, பத்து நாள் கடத்தினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் மாத்திரை கொடுத்தார். உடனே வந்திருந்தால் வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். காது திரும்பவில்லை. அதற்குள் ஓயாத இரைச்சல் ஒன்று வந்து குடியேறியது. "ஃபெக்டரி ரோலர் மாதிரிங்க. ஞாயித்துக்கெழமையும் நிக்காது."

ஒரு நாள் ஒரு வயது ஷாமிளா வீரிட்டாள். ஒற்றைக் காதால் கேட்பவருக்குச் சத்தம் வரும் திசை பிடிபடாது. பிலோமினம்மா அடுப்படிக்கு ஓடினார். பிள்ளையோ பின்வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்குள், நெற்றி கிழிந்து கிடந்தது. மாலையில் தாய் கலைச்செல்வியிடம் எதையும் மறைக்கவில்லை.

"எனக்கு ஒரு காது செத்துப்போச்சும்மா. வேற ஆளு போடச் சொல்லி தோட்டத்துத் தொரகிட்ட சொல்லிட்டேன்."

கலைச்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை, கட்டுப்போட்ட நெற்றியோடு அதே பிள்ளையைக் கொண்டுவந்து பிலோமினம்மாவின் மடியில் வைத்தார்.

"வேற ஆளுன்னா, தானா வுழுந்துச்சுன்னு சொல்லியிருப்பாங்க. நீங்களே பாருங்க. ஆனா காத மறுபடி காட்டணும். வியாழக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன்."

இரத்தினபுரியில் காதுப் பரிசோதனை செய்யும் ஸபியா மிஸ் நிதானமாகச் சொன்னார்: "இரைச்சல நிப்பாட்ட மருந்து இல்லம்மா. அதவிடக் கொஞ்சம் தாழ்வா இன்னொரு சத்தம் கூடவே இருக்கட்டும். மூடிடக் கூடாது, ரெண்டும் கேக்கணும். போகப் போக மூள அதக் கவனிக்காம விட்டுரும்."

எட்டு மாதம் ஆனது. இடையில் இரண்டு முறை, பலனில்லை என்று சலித்து, ரேடியோவைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்ததும் உண்டு. "இரைச்சல் போகலீங்க. அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

இப்போது இடது தோள் சுவரில் படும்படி உட்காருகிறார். பிள்ளைகள் எல்லாரும் வலப்பக்கம், கண்ணெதிரே. பின்வாசலுக்குக் கம்பிக் கதவு வந்துவிட்டது.

அவரைப் பார்க்க நான் போயிருந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் நல்ல காதும் அவருக்கு உதவவில்லை. தொட்டில்களில் ஐந்து கைக்குழந்தைகள் தூங்கின. பிலோமினம்மா எழுந்து, ஒவ்வொரு தொட்டிலாகப் போய், ஒவ்வொரு நெஞ்சிலும் உள்ளங்கையை வைத்து, அது ஏறி இறங்கும் வரை நின்றார்.