மேரி மேடம் பிடுங்கிய கேபிள்

திருமயத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கல்லூரி அலுவலகத்திலிருந்து கணேசன் போனில் அழைத்தார். "மேரி மேடம் தவறிட்டாங்க சார். நாளைக்குக் காலைல ஆவூர்ல அடக்கம். வாரீங்கள்ல?" வருகிறேன் என்றேன். ஏற வேண்டிய பஸ் வந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆரோக்கியமேரியும் நானும் நம் புதுக்கோட்டைக் கல்லூரியின் சர்வர் அறையில் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். இதைப் படிக்கும் உங்களில் பலர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவர் முன் நின்றவர்கள்தான். திட்ட மாட்டார், கிண்டல் மட்டும் உண்டு. "மாமியா பொறந்த நாள வைங்க, மறக்கவே மறக்காது" என்பார்.

எங்கள் சர்வரிலிருந்து தகவல்களைச் சேமிக்கும் பெட்டிக்கு இரண்டு கேபிள்கள். ஒன்று போனால் மற்றதன் வழியாக வேலை ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது, சர்வரை இயக்கும் லினக்ஸில் உள்ள மல்டிபாத் மாட்யூல் என்ற சிறு நிரல். மாதத்தின் முதல் சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், மேடம் வேண்டுமென்றே ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், "ரெண்டு கயிறு இருக்குன்னு நம்பிக் கெணத்துல எறங்கக் கூடாது சார். ஒண்ண விட்டுப் பாக்கணும்" என்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை பிடுங்கியதும் எல்லாம் நின்றுபோயிற்று. மதிப்பெண் பதிவு நடந்துகொண்டிருந்த வாரம் அது. காலையிலிருந்து பதிந்ததில் பாதி காணோம். முதல்வர் முன்னிலையில் நான் கத்தினேன். "ஓடிக்கிட்டு இருக்கறத நோண்டாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" திங்கட்கிழமை அவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த வாரமே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாள் முன்பு லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியவன் நான். முன்பு தானாகவே வந்த மல்டிபாத் மாட்யூல் புதிய தொகுப்பில் இல்லை. அதைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இரண்டு கேபிளிலும் பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்து, எல்லாம் சரி என்று போய்விட்டேன். பிறகு சத்தமில்லாமல் அதை நிறுவினேன். நூலகத்துக்குப் போய் அவரிடம் மட்டும் சொன்னேன்.

"தெரியும் சார். அன்னைக்கே சர்வர் லாக் ஃபைல்ல பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன் மேடம் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

முதல்வரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். நான்கு வருடம் ஓடிவிட்டது. தினமும் பார்த்தோம், ஒன்றாக டீ குடித்தோம். அவர் மறுபடி கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைப்பதும் கோழைத்தனம்தான்.

ஆவூரில் குழியில் மண் போட்டுவிட்டு வெளியே வரும்போது கணேசன் சொன்னார்: "தங்கமான மனுஷி சார். அன்னைக்கு அந்தக் கேபிளப் புடுங்கினது ஒண்ணுதான் தப்பாப் போச்சு." அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

நண்பர்களே, தப்பு அவருடையதில்லை, என்னுடையது. அவர் நினைவாக என்னிடம் போட்டோகூட இல்லை. எனக்காக அவர் சுமந்த பழி ஒன்றுதான் மிச்சம். அதை வாங்கிக்கொள்ள அவர் சாகும்வரை காத்திருந்திருக்கிறேன்.